லிப்டன் சீட்டை எப்படி ரசிப்பது?

அப்புத்தளைக்கு வருகிறவர்களில் பலர் லிப்டன் சீட் என்ற மலைமுனையில் சிலையோடு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அந்த மலை அதைவிட அதிகம் தரும்.

முதலில் நேரம். விடியும்போதே மேலே இருங்கள். வெயில் ஏற ஏறப் பள்ளத்திலிருந்து மூடுபனி எழும்பி எல்லாவற்றையும் மறைத்துவிடும். டவுனிலிருந்து தம்பேதென்னவுக்கு பஸ் உண்டு. அதற்கு மேல் சுமார் 7 கிலோமீட்டர். ஏறும்போது ஆட்டோவில் போய், இறங்கும்போது நடந்து வாருங்கள்.

அடுத்து, சிலையில் இருப்பவர் யாரென்று தெரிந்து பாருங்கள். தோமஸ் லிப்டன், ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில், தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த கோர்பல்ஸ் பகுதியில் பிறந்தவர். 1871இல் அதே நகரில் மளிகைக் கடை திறந்தார். இலைநோயால் கோப்பி அழிந்து தோட்டங்கள் மலிவாகக் கைமாறிய காலத்தில், 1890இல் இங்கே நிலம் வாங்கினார். தம்பேதென்ன ஸ்டோரும், அதாவது தேயிலைத் தொழிற்சாலையும், அந்த ஆண்டுக்குரியதே. 1931இல் இறந்தவரை கோர்பல்ஸ் இடுகாட்டில், பெற்றோருடன் அடக்கம் செய்தார்கள்.

அந்தக் கோர்பல்ஸை வெளியுலகம் அறிந்தது, 1935இல் வந்த 'நோ மீன் சிட்டி' நாவலின் வழியாக. அங்கேயே வாழ்ந்த, வேலையிழந்த ரொட்டித் தொழிலாளி ஒருவர் அதை எழுதியவர்களில் ஒருவர். நம் மலைக்கும் அப்படி உள்ளிருந்து எழுதியவர் உண்டு. 1934இல் பதுளை மாவட்டத் தோட்டமொன்றில் பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' நாவலைப் படித்துவிட்டு வாருங்கள். லிப்டன் சீட்டிலிருந்து சின்னதாகத் தெரியும் தொழிலாளர் லயங்களுக்குள் ஒரு வாழ்க்கை இருப்பது அப்போது புரியும்.

இறங்கும் வழியில் கொழுந்தெடுக்கும் கைகளைக் கவனியுங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எந்த வேகத்தில் கூடைக்குப் போகின்றன என்று பாருங்கள். அனுமதி கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அது அவர்களுடைய வேலைத்தளம். ஸ்டோரில், கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தி, சலிப்பதை வரிசையாகப் பாருங்கள்.

கடைசியாக, டவுனில் ஒரு பிளேன்டீ. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றில்தான் இந்த ஊவாப் பகுதித் தேயிலைக்கு அதன் தனி வாசம் ஏறுகிறது. பால் சேர்த்தால் அது அமுங்கிவிடும்.

லிப்டனின் பெயர் உலகத்துக்கே தெரியும். இந்த மலையைத் தேயிலை மலையாக்கியவர்கள் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர். அவர்களையும் நினைத்துப் பார்க்கிறவரே இந்த இடத்தை முழுதாக ரசித்தவர்.