காவடிச்சிந்தும் கிறிஸ்தவப் பாட்டும்

சிவகிரிக்குக் கிழக்கே, சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்தில் 1865இல் பிறந்த அண்ணாமலை ரெட்டியார் வாழ்ந்தது இருபத்தாறு ஆண்டுகளே. ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்தபோது, வழிநடை வருத்தம் தோன்றாதிருக்க அவர் பாடியதே காவடிச்சிந்து என்பர். வழிநடைச் சிந்தும் நொண்டிச் சிந்தும் அவருக்கு முன்னரே மக்கள் வாயில் வழங்கியவை. அவற்றுக்குப் புலமையின் சொல்லழகை ஏற்றியது ரெட்டியாரின் திறம். பின்னர் பாரதியாரும் சிந்து மெட்டுகளைக் கையாண்டார். இசையரங்குகளும் அவற்றை ஏற்றன.

இம்மெட்டு கோவிலுக்கு உரியது, ஆலயத்தில் ஒலிக்கலாகாது என்று தயங்குவோர் நம்மிடையே உண்டு. தெருவில் பிறந்த மெட்டுக்கு அத்தகைய தீட்டு ஏது? குற்றாலக் குறவஞ்சியால் புகழ்பெற்ற குறவஞ்சி வடிவத்தையே வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சிக்கு எடுத்தாண்டார். அவர் பெயரை மட்டும் மாற்றவில்லை. குறத்தியின் குறி முதலாக அவ்வடிவம் முழுவதையும் புதுப்பொருளுக்கு உழைக்கவைத்தார்.

குறை வேறிடத்தில் உள்ளது. காவடிச்சிந்தில் முருகன்மேல் காதல்கொண்ட தலைவியின் ஏக்கம் பல பாடல்களில் பேசுகிறது; துள்ளும் தாளத்தின் அடியில் அந்த ஏக்கமே ஓடுகிறது. முருகன் என்னும் பெயரை நீக்கி இயேசு என்று எழுதிவிட்டால் எஞ்சுவது துள்ளல் மட்டுமே.

கனடா நாட்டுக் கவிஞர் லியோனார்டு கோஹன் 1984இல் வெளியிட்ட ‘அல்லேலூயா’வுக்கும் இதுவே நேர்ந்தது. அப்பாடல் அடங்கிய இசைத்தட்டை அமெரிக்காவில் வெளியிட அவருடைய நிறுவனம் முதலில் மறுத்தது. 1991இல் ஜான் கேலும் 1994இல் ஜெஃப் பக்லியும் பாடிய பின்னரே அது பரவியது. தாவீதின் வீழ்ச்சியையும் சிம்சோனின் கதையையும் உடலின் காதலோடு பிணைத்த யூதக் கவிஞரின் பாடல் அது. சபைகள் பலவற்றில் அச்சொற்களை அகற்றி, கிறிஸ்து பிறப்புக்கும் உயிர்த்தெழுதலுக்கும் வேறு சொற்களை இட்டுப் பாடுகின்றனர். தாவீது ஏன் உடைந்தான் என்பது அங்கே ஒலிப்பதில்லை. இனிமை இருக்கிறது, அவ்வளவே.

மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு (மறைவு 2005) செய்தது வேறு. நாட்டுப்புற மெட்டோடு உழைக்கும் மக்களின் பேச்சையும் பசியையும், ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்துண்ணும் வாழ்வையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். அவர் பாடல்களைச் செந்தமிழாக்கித் தருமாறு கேட்போர், மெட்டை வைத்துக்கொண்டு அதைப் பாடும் மக்களை வாசலில் நிறுத்துகின்றனர்.