மாரிபின் உப்பும் முனீஃபின் உப்பும்

அப்துர் ரஹ்மான் முனீஃப் பிறந்த 1933ஆம் ஆண்டில்தான், சவூதி அரசு கலிஃபோர்னியாவின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்துக்கு எண்ணெய் தேடும் உரிமையை எழுதிக்கொடுத்தது. தற்செயலான பொருத்தமே. ஆயினும், அம்மானில் பிறந்து, பெல்கிரேடில் எண்ணெய்ப் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1963இல் சவூதிக் குடியுரிமையை இழந்து, 2004இல் திமிஷ்கில் மறைந்த இவ்வெழுத்தாளரின் வாழ்வை விட்டு அந்த ஒப்பந்தத்தின் நிழல் அகலவே இல்லை. 1984 முதல் 1989 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்த 'முதுனுல் மில்ஹ்' (உப்பு நகரங்கள்) என்னும் நாவல் அந்நிழலில் விளைந்தது. அதன் முதற்பாகமாகிய 'அத்தீஹ்' குறித்தே இங்குப் பேச விழைகிறேன். பிற்பாகங்களில் அரண்மனைச் சூழ்ச்சிகள் பெருகப் பெருகக் கதையின் ஈரம் வற்றிவிடுகிறது என்பது என் கருத்து.

வாதில் உயூன் என்னும் பாலைச் சோலைக்கு அமெரிக்கர் வருகின்றனர். தண்ணீர் தேடவே வந்திருப்பதாக ஊராருக்குச் சொல்லப்படுகிறது. பின்னர் இயந்திரங்கள் வந்து மரங்களைச் சாய்க்கின்றன. முத்இப் அல்ஹதால் தம் வெண்ணிற ஒட்டகத்தின் மீதேறிப் பாலைக்குள் மறைந்துவிடுகிறார். எஞ்சிய இளைஞர்கள் ஹர்ரான் கடற்கரையில் கூலிகளாகின்றனர். ஆளெடுக்கும் இப்னு ராஷித் அவர்களது ஒட்டகங்களை வாங்கிக்கொள்ளும் இடத்தை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். வேண்டாமென்றால் எழுந்து புறப்பட்டுவிடும் சுதந்திரமே ஒட்டகத்தோடு சேர்ந்து விலைபோகிறது. முனீஃப் இதை விளக்கிச் சொல்வதில்லை. விற்பனையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

எண்ணெயின் செல்வம் இந்நாவலில் இரு உருவங்களில் வருகிறது. அமீருக்குத் தொலைநோக்கி, வானொலி, தொலைபேசி முதலிய விளையாட்டுப் பொருள்களாக. தொழிலாளிக்குத் தகரக் கொட்டகையும் கூலியுமாக. முடிவில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்கின்றனர். விலக்கப்பட்டோரைத் திரும்பச் சேர்க்க வேண்டுமென்பது அவர்களது கோரிக்கை. 1953இல் அராம்கோ தொழிலாளர் நடத்திய பெரும் வேலைநிறுத்தத்தை அறிந்தோர்க்கு இப்பகுதி வெறும் கற்பனையன்று.

என் மனக்குறையும் இங்கேதான் தொடங்குகிறது. கூலி வேறு, பங்கு வேறு. உழைத்தவனுக்குரியது கூலி, உழைக்க இயலாத கிழவிக்கும் தொட்டில் குழந்தைக்கும் உரியது பங்கு. எண்ணெய்ப் பொருளாதாரம் கற்ற முனீஃபுக்கு இவ்வேறுபாடு தெரியாததன்று. எனினும் அவரது மாந்தர் கூலியின் எல்லையிலேயே நின்றுவிடுகின்றனர். தங்கள் காலடியில் எது தோண்டப்படுகிறது என்பதே அறியாதவர்கள் பங்கு கேட்பது எங்ஙனம் என்று ஆசிரியர் சார்பில் வாதிடலாம். அது நேர்மையான பதிலே. ஆனால் அந்த மக்கள் அறிந்திருந்த ஒன்று உண்டு. இடதுசாரி மனப்பாங்கு கொண்ட முனீஃப் அதனைக் கையில் எடுக்கவில்லை.

அப்யழ் இப்னு ஹம்மால் (ரலி) நபி (ஸல்) அவர்களிடம் மாரிபிலுள்ள உப்புச் சுரங்கத்தைத் தமக்குத் தருமாறு வேண்டினார், நபியவர்களும் வழங்கினார்கள். அது வற்றாத ஊற்றுநீர் போன்றது என்று அவையிலிருந்த ஒருவர் எடுத்துரைத்ததும், வழங்கியதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அபூதாவூத், திர்மிதீ, இப்னு மாஜா ஆகியோர் பதிவுசெய்துள்ள இந்நிகழ்ச்சியின் மீது ஃபகீஹ்கள் பெரியதொரு சட்டத்தையே எழுப்பினர். ஷாஃபிஈ இமாமாகிய மாவர்தீ (ரஹ்) வெளிப்படையாகக் கிடைக்கும் கனிமங்களுள் உப்பையும் நிலக்கீலையும் நஃப்தையும் ஒருசேர எண்ணுகிறார். அவற்றை எவருக்கும் இக்தாவாக எழுதிக்கொடுக்கலாகாது என்கிறார். ஹன்பலீ அறிஞர் இப்னு குதாமாவின் 'முக்னீ'யிலும் நஃப்த் இப்பட்டியலில் உண்டு. நஃப்த் என்பது இன்று அரபியில் கச்சா எண்ணெய்க்கு வழங்கும் அதே சொல்தான்.

அவர்கள் கண்டது நிலத்தின் மேல் கசிந்த எண்ணெய், இன்றையது ஆயிரக்கணக்கான அடி ஆழத்திலுள்ளது என்னும் மறுப்பு வலுவானது. மறைந்துள்ள கனிமங்களை வழங்கலாமா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மாலிகீ மத்ஹபின் பிரபலமான கருத்து கனிமம் அனைத்தையும் ஆட்சியாளரின் பொறுப்பிலேயே விடுகிறது. ஆனால் பொறுப்பில் விடுவது உடைமையாக்குவதாகாது. தோண்டும் செலவு தோண்டியவனுக்கு ஊதியத்தைத் தரும், ஊற்றையே தந்துவிடாது. இராக்கின் ஸவாத் நிலங்களை வென்ற படையினருக்கே பங்கிட மறுத்து, பின்வரும் தலைமுறைகளுக்கும் அதில் உரிமையுண்டு என உமர் (ரலி) வாதாடிய செய்தியை அபூயூஸுஃப் தம் 'கிதாபுல் கராஜி'ல் விரிவாகத் தருகிறார். குவைத் 1976இல் வருங்காலத் தலைமுறையினருக்கென நிதியம் அமைத்தபோது அவ்வாதத்தைத்தான், அறிந்தோ அறியாமலோ, வழிமொழிந்தது.

அமெரிக்காவின் அலாஸ்காவில் 1982 முதல் அங்குக் குடியிருப்போருக்குக் குழந்தைகள் உட்பட ஆண்டுதோறும் எண்ணெய் நிதியத்திலிருந்து பங்குத்தொகை செல்கிறது. வளைகுடா மன்னர்களும் இலவசக் கல்வி, மருத்துவம், மானியம் என்று வாரி வழங்கியவர்களே. அதை மறைப்பது நேர்மையாகாது. தொகையில் அவர்கள் தாழ்ந்தவர்களல்லர். ஆனால் மனமுவந்து கொடுத்ததை மனம் மாறினால் நிறுத்திக்கொள்ளலாம் என்றால், அது ஹதிய்யா, ஹக் ஆகாது. அலாஸ்காவில் ஆளுநர் தொகையைக் குறைத்தபோது மக்கள் வழக்காடினர். 2017இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றனர் என்றாலும், கணக்குக் கேட்கும் தகுதி அவர்களுக்கு இருந்தது. உப்பு நகரங்களை முதல் வெள்ளமே கரைத்துவிடும் என்று தம் நாவலின் தலைப்புக்கு முனீஃப் விளக்கம் தந்ததுண்டு. கணக்குக் கேட்கும் அந்தத் தகுதியின்மையே அவர் சொன்ன உப்பு என்று நான் கொள்கிறேன்.

நாவலின் மற்றொரு குறையை என் மாணவரொருவர்தாம் எனக்கு உணர்த்தினார். அவருடைய தந்தை தம்மாமில் இருபதாண்டுகள் உழைத்தவர். "இந்தக் கதையில் என் வாப்பா எங்கே, ஹஜ்ரத்?" என்று கேட்டார். ஹர்ரானின் தொழிலாளர் கூட்டம் பெரும்பாலும் அரபுக் கூட்டமே; இந்தியரும் பாகிஸ்தானியரும் நிறைந்த உண்மையான எண்ணெய் நகரம் அதில் இல்லை. இதனை அமிதவ் கோஷ் 1992இலேயே தம் மதிப்புரையில் சுட்டியிருக்கிறார்.

நான் மாரிப் ஹதீஸின் இப்னு மாஜா அறிவிப்பை எடுத்துக்காட்டினேன். அங்கு வந்து சேர்ந்தவர் எடுத்துக்கொள்வார் என்ற பொருளில் அது முடிகிறது. வந்தவர் எக்குலம், எந்நாடு என்று வினவவில்லை. கையால் அள்ளும் உப்புக்கு அது போதும். ஒரு நாட்டின் கருவூலத்துக்கு அதை அப்படியே பொருத்தினால் குடிமகனின் பங்கு கரைந்துவிடும் என்பதையும் மாணவரிடம் மறைக்கவில்லை. இருபதாண்டு வேலைக்குப் பின் பணிக்கொடைக்கே அலைந்து திரும்பியவருக்குப் பங்கைப் பற்றிப் பேசுமுன் கூலி நிலுவையில் இருக்கிறது என்றேன். அவர் குறிப்பேட்டில் 'வந்தவர்' என்ற சொல்லை மட்டும் அடிக்கோடிட்டிருந்தார்.