திருகைப் பாடல்களும் இணையத் தொகுப்பும்: பாடியவர் பதிவு குறித்த ஒரு நோக்கு

முன்னுரை

தொழில் மறையும்போது தொழிற்பாடலும் மறைகிறது. உரலும் உலக்கையும் வழக்கொழிந்தபின் தமிழகத்தில் வள்ளைப்பாட்டுப் பாடுவோர் அருகினர். மகாராட்டிரத்தில் மாவு ஆலைகள் பரவியபின், பெண்கள் கைத்திருகை சுற்றியபடி பாடிய 'ஓவி' பாடல்களுக்கும் அந்நிலையே நேர்ந்தது. அப்பாடல்களின் இணையத் தொகுப்பு பாடியவரை எவ்வாறு பதிவு செய்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொகுப்பின் வரலாறு

புனேயில் இயங்கிய சமூக அறிவியல் கூட்டுறவு ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஹேமா ராய்ர்கரும் கீ புவாத்வேனும் இப்பணியைத் தொடங்கினர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களிலிருந்து ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட பாடல்கள் திரட்டப்பட்டன. 1990களின் இடைப்பகுதியில் பெர்னார்ட் பெல் இணைந்தபின் ஒலிப்பதிவும் கணினித் தரவுத்தளமும் உருப்பெற்றன. புவாத்வேன் 2004லும் ராய்ர்கர் 2010லும் மறைந்தனர். 2017 முதல் பி. சாய்நாத் நிறுவிய 'பாரி' இணையதளம் இப்பாடல்களை வெளியிட்டு வருகிறது.

பதிவுமுறை

பாடலின் மராத்தி வடிவம், மொழிபெயர்ப்பு, ஒலிப்பதிவு ஆகியவற்றோடு பாடியவரின் பெயர், ஊர், வட்டம், மாவட்டம், சாதி, பதிவு செய்த நாள் ஆகியனவும் அத்தளத்தில் இடம்பெறுகின்றன. நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' (1964) தொகுப்பில் பல பாடல்களின் கீழ்ச் சேகரித்தவர், உதவியவர், இடம் என்னும் குறிப்புகள் உள்ளன. பின்வந்த தொகுப்புகள் பலவற்றில் இவ்வளவும்கூட இல்லை. தாலாட்டு, ஒப்பாரி எனப் பாடல்கள் வகைப்படுத்தப்பட்டன. பாடிய பெண் 'மக்கள்' என்னும் பொதுச்சொல்லுள் மறைந்தாள். புனேத் தொகுப்பில் அவள் பெயருடைய படைப்பாளியாக நிற்கிறாள்.

குறைபாடு

எனினும் இத்தொகுப்பும் விமர்சனத்திற்கு அப்பாற்பட்டதன்று. திருகையடியில் ஒருத்தி தொடங்க, மற்றவள் தொடர, ஓவிகள் சங்கிலியாக நீள்வன. தரவுத்தளத்தின் பொருள்வாரிப் பகுப்பு அச்சங்கிலியைத் தனித்தனிக் கண்ணிகளாக்குகிறது. தேடுவோர்க்கு இது எளிமை; பாடல் பிறந்த வரிசையை அறிய விழைவோர்க்கு இழப்பு. மேலும், பாடல்களுள் ஒரு பகுதிக்கே ஒலிப்பதிவு உண்டு. எஞ்சியவை எழுத்தாகவே உள்ளன.

முடிவுரை

இணையதளத்தின் தகுதி அதன் தோற்றத்தில் இல்லை; களத்தில் கேட்கப்பட்ட வினாக்களில் உள்ளது. பாடியவளின் பெயரைக் களத்திலேயே குறித்துக்கொண்டமையால்தான் பிற்காலத்தில் அதனைத் திரையில் காட்ட இயன்றது. தமிழ்த் தொழிற்பாடல்களை இணையத்தில் ஏற்ற முனைவோர் முதலில் தம் களக்குறிப்பேடுகளைத் திருத்திக்கொள்ள வேண்டும். நடவுப் பாடலும் ஏற்றப் பாடலும் அறிந்த முதியோர் இருக்கும்போதே இது நிகழவேண்டும். அவர்கள் மறைந்தபின் பாடல் கிடைக்கலாம், பாடியவர் கிடைக்கமாட்டார்.