கல்லாவுக்குப் பின்னால் ஒரு விமர்சகர்

அமெரிக்கத் தொலைக்காட்சி பற்றிய எழுத்துகளில் சில ஆண்டுகளாக ஒரு கருத்து எதிர்ப்பில்லாமல் உலவிவருகிறது. ‘தி சிம்ப்ஸன்ஸ்’ தொடரில் வரும் காமிக்ஸ் கடைக்காரர்தான், இன்று இணையத்தில் படைப்பாளிகளை வசைபாடும் ரசிகர் கும்பலுக்கு முன்னோடி என்பது அது. ஒரு நடிகையைப் பிடிக்கவில்லை என்பதற்காக அவரைத் துரத்தித் துரத்தி ஏசுகிறவர்களையும், தொடர் நடக்கும் ஊரான ஸ்பிரிங்ஃபீல்டில் ‘ஆண்ட்ராய்ட்ஸ் டஞ்சன்’ கடையின் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பருத்த, குடுமி வைத்த மனிதரையும் ஒரே குடும்பத்தில் சேர்த்துவிடுகிறார்கள். பாத்திரத்தை அதன் புகழ்பெற்ற ஒற்றை வாக்கியத்தால் மட்டும் அறிந்தவர்களின் வாதம் இது. எபிசோடுகளைத் திரும்பப் பார்த்தால் நிற்காது.

இந்த வகைப் பாத்திரத்தின் வரலாறு சிறியது. 1986இல் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியில் ‘ஸ்டார் ட்ரெக்’ நடிகர் வில்லியம் ஷாட்னர், அத்தொடரின் ரசிகர் கூட்டத்தைப் பார்த்து வேறு பிழைப்பைப் பாருங்கள் என்று கத்தினார். ரசிகர்களைப் பரிவோடு ஆராய்ந்த ஹென்றி ஜென்கின்ஸின் 1992ஆம் ஆண்டு நூல், அந்தக் காட்சிக்குப் பதில் சொல்வதில்தான் தொடங்குகிறது. காமிக்ஸ் உலகத்துக்குள்ளிருந்தே டேனியல் க்ளோவ்ஸின் டான் பஸ்ஸி கதைகளும், ஈவன் டார்க்கினின் எல்டிங்வில் கதைகளும் வந்தன. ஷாட்னர் காட்சியில் இருந்தது மேலிருந்து செய்யும் கேலி. க்ளோவ்ஸிடமும் டார்க்கினிடமும் இருந்தது சொந்த வீட்டுக் கோபம். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே, விருப்பமும் அறிவும் கசப்பும் ஒன்றாகக் குடியிருக்கும் ஒரு மனிதரை நிறுத்தியது சிம்ப்ஸன்ஸ்தான்.

1991 மே 9 அன்று ஒளிபரப்பான இரண்டாம் பருவ எபிசோடில் அவர் முதன்முதலாக வருகிறார். பார்ட், மில்ஹவுஸ், மார்ட்டின் என்ற சிறுவர்கள் மூவரும் பணத்தைச் சேர்த்து ‘ரேடியோஆக்டிவ் மேன்’ முதல் இதழை அவரிடமிருந்து 100 டாலருக்கு வாங்குகிறார்கள். வாங்கியபின் படிக்கும் மகிழ்ச்சி அவர்களுக்கு நீடிப்பதில்லை. யார் கையில் இருப்பது என்ற சந்தேகமே நட்பைத் தின்கிறது. கடைசியில் புயலில் இதழ் கிழிந்து போகிறது. அந்த ஆண்டின் அமெரிக்கச் சந்தையை அறிந்தவர்களுக்கு இந்தக் கதையின் கூர்மை புரியும். சில மாதங்களில் வெளியான ‘எக்ஸ்-மென்’ முதல் இதழின் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகளைக் கடைகள் வாங்கிக் குவித்தன. அவற்றில் பெரும்பகுதி, நாளை விலை ஏறும் என்று நம்பி பிளாஸ்டிக் உறைக்குள் வைக்கப்பட்டவை.

இங்கே கடையின் பொருளாதாரத்தைச் சொல்லியாக வேண்டும். 1970களின் தொடக்கத்தில் ஃபில் ஸூலிங் உருவாக்கிய ஏற்பாட்டின்படி, காமிக்ஸ் கடைகளுக்குக் கூடுதல் தள்ளுபடி உண்டு. விற்காத பிரதியைத் திருப்பி அனுப்ப முடியாது. ஆக, எது நிற்கும், எது தேங்கும் என்று தீர்மானிக்கும் பொறுப்பு கடைக்காரர் தலையில் விழுந்தது. தவறான தீர்ப்பு அவர் அலமாரியில் பழைய சரக்காகத் தங்கும். ஸ்பிரிங்ஃபீல்டு கடைக்காரரின் சிடுசிடுப்புக்கு இப்படி ஒரு தொழில் நியாயம் உண்டு. ரசனையில் பிசகினால் அவருக்குக் கைநஷ்டம். முகமற்ற வசைக்கு அப்படி எந்த விலையும் இல்லை. அவர் கடையைத் திறந்துவைத்து, முகத்தைக் காட்டி, வருகிறவனிடம் நேருக்கு நேர் சொல்கிறார்.

இந்தப் பாத்திரத்தின் சிகரம் 1997 பிப்ரவரி 9 அன்று வந்தது. மார்வெல் நிறுவனம் திவால் மனு கொடுத்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. டேவிட் எஸ். கோஹென் எழுதிய அந்த எபிசோடில், தொடருக்குள் வரும் ‘இட்சி அண்ட் ஸ்க்ராட்சி’ கார்ட்டூனின் மவுசைக் கூட்ட பூச்சி என்ற நாயைத் திணிக்கிறார்கள். அதிகாரிகள் மேசையில் கூடிப் பேசி உருவாக்கிய நாய் அது, குரல் பார்ட்டின் அப்பா ஹோமர். மறுநாள் கடைக்காரர் தன் புகழ்பெற்ற தீர்ப்பைச் சொல்கிறார்: இதுவரை வந்ததிலேயே படுமோசமான எபிசோட். பார்ட் கேட்கிறான்: இத்தனை காலம் இலவசமாக மகிழ்வித்தவர்கள் உங்களுக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள்? நீங்கள்தானே அவர்களுக்குக் கடன்பட்டவர்? அவர் யோசித்துவிட்டு, அதே தீர்ப்பைத் திரும்பச் சொல்கிறார்.

இந்தக் காட்சியை ரசிகர்களின் நன்றிகெட்டதனத்துக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். கதை என்ன சொல்கிறது என்று பாருங்கள். பூச்சி உண்மையிலேயே மோசம். கடையில் கூடிய தீவிர ரசிகர்களுக்கு மட்டுமல்ல, ஹோமர் வீட்டில் கூடிப் பார்த்தவர்களுக்கும் பிடிக்கவில்லை. முடிவில் தயாரிப்பாளர்களே அந்த நாயைக் கொன்றுவிடுகிறார்கள். தனக்குக் கடன் பாக்கி இருக்கிறது என்று அவர் கோரியது தவறு. படைப்பைப் பற்றிச் சொன்னது சரி. இந்த இரண்டையும் ஒரே நிமிடத்துக்குள் பிரித்துக் காட்டிய எழுத்து அது. இணையச் செய்திக்குழுக்களில் தங்களை அறுத்துப்போட்ட ரசிகர்களுக்குத்தான் எழுத்தாளர்கள் பதில் எழுதினார்கள். ஆனால் எதிராளிக்கு உண்மையின் பாதியைக் கொடுத்துவிட்டு எழுதினார்கள். அதுவே அவர்களின் பெருந்தன்மை.

குரலையும் மறக்கக் கூடாது. கடைக்காரருக்குக் குரல் கொடுக்கும் ஹாங்க் அசாரியா, டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் தன் பக்கத்து அறையில் இருந்த ஒருவரின் பேச்சிலிருந்து இதை எடுத்தார். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே நிறுத்தி வைக்கும் அந்தத் தொனியில், கவனமாகத் தேர்ந்து பேசுகிறவரின் செருக்கு இருக்கிறது. 1999இல் ஊரின் மேதைகளில் ஒருவராகவும், 2001இல் மாரடைப்பு வந்து கடையைப் பார்ட்டிடமும் மில்ஹவுஸிடமும் விட்டுச் செல்பவராகவும் வந்தபோதுகூட அந்தச் செருக்கு குலையவில்லை.

பிறகு தொடங்கியது சமாதானப்படுத்தும் காலம். 2005இல் அவருக்கு ஜெஃப் ஆல்பர்ட்சன் என்று ஒரு பெயர். 2014இல் குமிக்கோவுடன் திருமணம். 2021இல் அன்பு காட்டத் தெரியாத ஒரு தகப்பன், சிறுவயதுக் காயம். இவற்றில் சில அழகாக எழுதப்பட்டவை. கடைசியாகச் சொன்னது உருக்கமானதும்கூட. ஆனால் எல்லாம் ஒரே கேடான திசையில் செல்கின்றன. அவருடைய அதிருப்தி இப்போது ஒரு நோய். காரணம் கண்டுபிடித்துக் குணப்படுத்த வேண்டியது. தனிமையால் கசந்தவர், அதனால்தான் குறை சொன்னார் என்று ஆக்கிவிட்டால், அவர் சொன்ன குறைக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இடையில் 2007 எபிசோட் மட்டும் விதிவிலக்கு. எதிரே இன்முகத்தோடு மைலோ என்பவன் புதுக்கடை திறக்க, பிள்ளைகள் அங்கே ஓடுகிறார்கள். இனிமை எப்படித் தீர்ப்பை விரட்டும் என்று அது காட்டத் தொடங்கியது. பாதியிலேயே கதை பார்ட்டின் அம்மா மார்ஜின் உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போய்விட்டது பெரிய இழப்பு.

ரசிகர் கும்பலைக் கண்டிக்கத்தான் வேண்டும். அதற்காக ரசிகரின் தீர்ப்பையே நோயாக்குவது, மோசமான படைப்பைத் தயாரிப்பவர்களுக்கு மட்டுமே வசதி. பூச்சியை உருவாக்கிய அதிகாரிகள் இன்றும் மேசைகளில் கூடுகிறார்கள். அமெரிக்க அனிமேஷன் எழுத்தாளர்கள் 1997க்குத் திரும்பிப் போய்க் கற்க வேண்டியது இதுதான்: குறை சொல்கிறவனுக்கு மனைவியும் தகப்பனும் தேடிக் கொடுக்காதீர்கள். அவனுக்கு ஒரு கடையும் கூர்மையான வாயும் கொடுத்து, அவன் சொல்வது சரியா என்று கதையையே முடிவு செய்ய விடுங்கள்.