தொட்டாற்சிணுங்கி: ஒரு சொல்லின் தீர்ப்பு

எளிதில் மனம் புண்படுவோரைத் ‘தொட்டாற்சிணுங்கி’ என்பது நம் சபைகளில் பெருவழக்காகிவிட்டது. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் ஏலமலைச் சரிவுகளில், கால் பட்டவுடன் இலை மூடும் அம்முட்செடியை யாவரும் அறிவர். அமெரிக்க வெப்பநாடுகளே அதன் தாயகம். நூல்வழக்கில் அது தொட்டாற்சுருங்கி. மெட்டைக் கடந்தால் மலையாளத்தார் வாயில் தொட்டாவாடி. சுருங்குதல் நிகழ்ந்ததை மட்டும் கூறுகிறது. வாடுதலில் இரக்கம் உண்டு. சிணுங்குதலோ குழந்தையின் அடம். எனவே இச்சொல்லை ஆளுகையில் நாம் ஒருவரை விவரிப்பதில்லை, அவர்மீது தீர்ப்பிடுகிறோம்.

யார்மீது? விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்திற்குச் செல்லும் ஒரு பெண், ஆலய வாசலில் தன் சாதியைக் குறித்துக் கேட்ட சொல்லால் திருவிருந்துக்கு வராது நின்றால், அவள் தொட்டாற்சிணுங்கி. நன்கொடைப் பட்டியலில் தம் பெயர் பின்னுக்குப் போனதால் ஏலக்காய் வணிகர் ஒருவர் நின்றுவிட்டால், அது ‘மனத்தாங்கல்’. ஆயரும் மூப்பரும் வீடு தேடிச் செல்வர். நாமும் சென்றதுண்டு. செடிக்கும் இது அநீதியே. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், தீங்கு நேராவண்ணம் மீண்டும் மீண்டும் கீழே விழச் செய்யப்பட்ட இச்செடிகள் இலை மூடுவதை நிறுத்திக்கொண்டன. ஊறு எது, ஊறல்லாதது எது என்பதை அவை பிரித்தறிந்தன போலும்.

வேதாகமத் தமிழிலும் இவ்வேறுபாடு தென்படுகிறது. 1 கொரிந்தியர் 13:5இல் அன்பைப் பற்றி வரும் ‘பரொக்ஸுனோ’ என்னும் கிரேக்க வினை, கூராகக் குத்தித் தூண்டப்படுதலைக் குறிப்பது. 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு அதனைச் ‘சினமடையாது’ என்றது. அதே வினை அப்போஸ்தலர் 17:16இல், அத்தேனே பட்டணத்து விக்கிரகங்களைக் கண்ட பவுலுக்கு வருகையில் ‘வைராக்கியமடைந்து’ ஆயிற்று. மொழிபெயர்ப்பாளரைக் குறைகூறுவதற்கில்லை, இடத்திற்கேற்ற பொருளையே அவர்கள் நாடினர். பவுலும் பர்னபாவும் பிரிந்த இடத்தில் (15:39) அதன் பெயர்ச்சொல்லைக் ‘கடுங்கோபம்’ என ஒளிவின்றியே எழுதினர். எனினும் அத்தேனேயில் எழுந்த கொதிப்புக்கு வேறு பெயர் வாய்த்தமையால், கொரிந்தியர் பகுதி புண்பட்டோரின் வாயை அடைப்பதற்கே நம் பிரசங்கங்களில் பயன்படுகிறது. திருத்தூதரும் அவ்வாறு குத்துண்டவரே என்பதைக் கேட்போர் அறிய வழியில்லை.

மத்தேயு 18இல் வரும் ‘இடறல்’ நல்ல தமிழ். அது இடறிய காலை விட்டு, வழியில் கல்லை இட்ட கையை வினவுகிறது. சேகரக் கமிட்டியில் இத்தகையோரைப் பற்றிப் பேச இச்சொல் இருக்க, செடியின் பெயரைக் கடன்வாங்குவானேன்? அடுத்த திருத்தத்தில் கொரிந்தியர், அத்தேனே ஆகிய இரு இடங்களுக்கும் ‘உள்ளங்கொதித்தல்’ என ஒரே சொல்லை ஆளலாம். அது இயலாதெனின் ஓர் அடிக்குறிப்பேனும் வேண்டும்.