சுவரில் ஒட்டிய தாளும் மூன்று கணக்குகளும்

பத்தாம் வகுப்பு முடிவு வந்த கையோடு, தமிழ்நாட்டின் பல மிஷன் பள்ளிகளில் அலுவலகச் சுவரில் ஒரு தாள் ஏறிவிடும். எந்த குரூப்புக்கு எத்தனை மார்க் வேண்டும் என்ற பட்டியல் அது. உயிரியலோடு கணிதம் சேர்ந்த பிரிவுதான் உச்சியில் இருக்கும். அதற்கடுத்து கணினி அறிவியலோடு கணிதம். ‘ப்யூர் சயின்ஸ்’ எடுத்தால் கணிதமே கிடையாது. வணிகக் கணிதம் பெரும்பாலும் கடைசி வரிசையில். பதினைந்து வயதுப் பிள்ளை எந்தக் கணக்கைப் போடப்போகிறது என்பதைத் தாளே முடிவு செய்துவிடுகிறது. விருப்பப் படிவம் பிறகு வருகிற சம்பிரதாயம்.

இந்த ஏற்பாட்டில் நியாயம் இருக்கிறது. பங்குத்தந்தையின் கடிதமோ சேகரகுருவின் சிபாரிசோ இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த எண்தான் துணை. 420 எடுத்தவளை நிறுத்திவிட்டு 390 எடுத்தவனை உள்ளே விட்டால், காரணம் கேட்க ஒரு பிடி கிடைக்கிறது. அரசியலமைப்பின் 30(1) பிரிவு சிறுபான்மை நிறுவனங்களுக்குத் தரும் சுதந்திரம் பெரியது என்பதால், இந்த வெளிப்படைத்தன்மையை லேசாக எடைபோட முடியாது. பதினொன்றாம் வகுப்பிலேயே வகையீடும் தொகையீடும் வந்துவிடுவதால், யாரையும் கண்ணை மூடிக்கொண்டு கணிதப் பிரிவுக்கு அனுப்புவதும் கருணை ஆகாது.

ஆனால் பார்க்கப்படுவது எந்த மார்க்? பெரும்பாலும் 500-க்கான மொத்தம். சமூக அறிவியலை நன்றாக மனப்பாடம் செய்தவர் கணிதப் பிரிவுக்குப் போகிறார். கணக்கில் சூரனாக இருந்து மற்றப் பாடங்களில் சறுக்கியவர் வெளியே நிற்கிறார். கணித மார்க்கை மட்டும் பார்த்தாலும் சிக்கல் தீராது. அந்த 100-இல் செய்முறை வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் 16, ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு 14. இந்த முப்பதில் பெரும்பகுதியை விடாப்பயிற்சியாலேயே தேற்றிவிடலாம். அப்படித் தேறியவர் பன்னிரண்டில் கலப்பெண்கள், வெக்டர் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள் என்று வரும்போது திணறுவதை எந்தக் கணித ஆசிரியரும் அறிவார்.

காசும் இதில் புகுந்துகொள்கிறது. சில உதவிபெறும் பள்ளிகளில் ஒரே வளாகத்துக்குள் சுயநிதிப் பிரிவும் நடக்கிறது. விரும்பிய குரூப் அங்கேதான் இருக்கிறது என்றால், மார்க் இருந்தும் கட்டணம் தடுக்கும். ஏழைகளுக்குக் கல்வி என்ற பெயரோடு வளர்ந்த பள்ளிகள் கூச வேண்டிய இடம் இது.

‘ப்யூர் சயின்ஸ்’ இன்னும் கவலை தருவது. மருத்துவம், இல்லாவிட்டால் நர்சிங் என்ற கனவில் பிள்ளைகள் அதை எடுக்கிறார்கள். 2017 முதல் தமிழகத்திலும் மருத்துவச் சேர்க்கை நீட் வழியாகத்தான். அதில் வழுக்கினால் பொறியியல் பக்கம் திரும்ப முடியாது. பொறியியல் கட்-ஆஃபின் 200-இல் கணிதத்துக்கு மட்டுமே 100. சேர்க்கை நாளில் இதை நிதானமாக எடுத்துச் சொல்ல எத்தனை பள்ளிகளில் ஆள் இருக்கிறது?

வணிகக் கணிதத்துக்கு நடக்கும் அநீதிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மார்க் குறைந்தவர்க்கு ஆறுதல் பரிசு போல அதைக் கொடுக்கிறார்கள். பாடநூலைத் திறந்தால் நிதிக் கணிதம், ஒட்டுறவும் தொடர்புப் போக்கும், கூறெடுப்பு, குறியீட்டெண்கள், போக்குவரத்துக் கணக்கு எல்லாம் இருக்கின்றன. சி.ஏ. அடிப்படைத் தேர்விலும் வணிகக் கணிதமும் புள்ளியியலும் வருகின்றன. தரவைக் கையாளும் வேலைக்கு நெருக்கமான பாடம் கணிதம், வணிகக் கணிதம் இரண்டில் எது என்று கேட்டால், நான் தயங்காமல் இதைத்தான் காட்டுவேன். அப்படியிருந்தும் பல பள்ளிகள் வணிகவியலோடு கணினிப் பயன்பாடுகளை மட்டும் வைத்துவிட்டு, இந்தக் கணிதத்தை அடியோடு கைவிடுகின்றன.

மொத்த மார்க்கைவிடக் கணித மார்க்குக்குக் கூடுதல் எடை தரலாம். ஜூலை முடியும்வரை பிரிவு மாற அனுமதிக்கலாம். ஒரு மாதம் வகுப்பில் உட்கார்ந்த பிறகு பிள்ளைக்கே தெரிந்துவிடும். இடமும் ஆசிரியர் பணியிடமும் கணக்குப் பார்த்தே இருக்கின்றன என்று தலைமையாசிரியர்கள் சொல்வது உண்மை. ஆனால் சேர்க்கையில் சுதந்திரம் கேட்டு நீதிமன்றம்வரை போகும் நிர்வாகங்களால், ஒரு மாதம் பொறுத்திருக்க முடியாதா?