பானைக்குள் ஒரு துடிப்பு

நம்மூர்க் கடையில் ‘லவ் பேர்ட்ஸ்’ கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது பட்ஜி என்ற சின்னக் கிளிதான். கூண்டில் கட்டிய சின்ன மண்பானைதான் அதற்குப் பிரசவ அறை. ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டையிடும். பெட்டை அடைகாக்க, ஆண் தினையைக் கக்கி ஊட்டும்.

முதல் முட்டைக்கு ஏழெட்டு நாளானதும், பெட்டை வெளியே வரும் நேரம் பார்த்து, வளர்ப்பவர் கை கழுவிவிட்டுச் சுண்டுவிரல் நுனியளவு முட்டையை இரு விரலால் எடுக்கிறார். செல்போன் டார்ச்சில் காட்டினால், கரு கூடியதில் சிலந்தி வலையாகச் சிவப்பு நரம்புகள். நடுவே கடுகளவு துடிப்பு. கூமுட்டை வெறும் மஞ்சளாக ஒளிரும். பார்த்த கையோடு முட்டை பானைக்குத் திரும்புகிறது. 18 நாள் வாக்கில் பானையருகே காது வைத்தால், மெல்லிய ‘கிச் கிச்’.